பதினைந்தில் ஒருத்தி என்று எண்ணி முடித்துவிடாதீர்கள்

நவம்பர் 26 வந்தால் கல்லூரிகளில் அரசியல் சட்ட நாள் கொண்டாடுகிறோம். எழுந்து நின்று முகப்புரை வாசிக்கிறோம், கட்டுரைப் போட்டி வைக்கிறோம், வினாடி வினா நடத்துகிறோம். "அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண் யார்?" என்ற கேள்வி அந்த வினாடி வினாவில் தவறாமல் இருக்கும். "தாட்சாயணி வேலாயுதன்" என்று யாராவது ஒரு மாணவி சட்டென்று சொல்லிவிடுவாள். மதிப்பெண் விழும், கைதட்டல் எழும், அடுத்த கேள்வி தொடங்கிவிடும்.

அந்தச் சபையில் அவர் என்ன பேசினார் என்ற கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தத் துறையில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் பார்த்ததில்லை. பாடநூலில் அவர் பெயர் வந்தால் ஒரு வரியில் வரும். சபையின் பெண் உறுப்பினர்கள் வரிசையாக நிற்கும் பழைய புகைப்படம் ஒவ்வொரு மார்ச் 8 அன்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கிறது. படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். அவர்களில் யார் எதை ஆதரித்தார், எதை மறுத்தார், யாரோடு மோதினார் என்பதை அந்தப் படம் சொல்லாது. அதனால்தானோ என்னவோ, எல்லோருக்கும் அந்தப் படத்தைப் பிடித்திருக்கிறது.

என் குற்றச்சாட்டு இதுதான். சட்டம் இயற்றும் அவைகளில் பெண்களை எண்ணுவதற்குப் பழகிய அளவுக்கு அவர்கள் பேசுவதைக் கேட்பதற்கு இந்த நாடு பழகவில்லை. "முதல் பெண்", "ஒரே பெண்", "பதினைந்தில் ஒருவர்" என்ற பட்டங்கள் மாலை போலத் தெரிகின்றன. பல நேரம் அவை வாயை மூடும் துணிதான். இந்தக் குற்றச்சாட்டை ஆண்கள் மீது மட்டும் வைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெண்ணியம் பேசும் மேடைகளிலும் இதுவேதான் நடக்கிறது.

தாட்சாயணியின் வாழ்க்கைக் கதையைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள் உருகிப்போவார்கள். 1912இல் கொச்சிக்கு அருகிலுள்ள முளவுகாட்டுத் தீவில், புலையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் பிறந்த அடுத்த ஆண்டு, கூட்டம் போட நிலம் கிடைக்காத புலையர்கள் படகுகளைச் சேர்த்துக் கட்டிக் காயல் மீது கூட்டம் நடத்தினார்கள். தரைக்கு உரிமையாளர்கள் உண்டு, தண்ணீருக்கு யார் உரிமையாளர் என்ற கணக்கு. அந்தப் போராட்டத்தில் அவருடைய குடும்பமும் இருந்தது. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் படித்தபோது சோதனைகளை அருகில் நின்று பார்க்க விடப்படாமல், தூரத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டவர். இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி. வார்தாவில் காந்தியின் முன்னிலையில் திருமணம் செய்துகொண்டவர். 1945இல் கொச்சி சட்டசபைக்கு நியமிக்கப்பட்டவர். 1946இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அப்போது வயது 34.

அந்தக் கடைசித் தகவல் நமக்கு நெருக்கமானது. அம்மு சுவாமிநாதனையும் துர்காபாயையும் போல, தாட்சாயணியும் சென்னை மாகாணத்தின் பெயரால்தான் அந்த அவையில் அமர்ந்தார். அப்படியிருந்தும் தமிழில் அவருடைய உரைகளைத் தேடிப் பாருங்கள். வாழ்க்கைக் குறிப்பு கிடைக்கும். பேச்சு கிடைப்பது அரிது. இந்தக் கதை நம்மை அழவைக்கிறது, பெருமைப்பட வைக்கிறது. அழுது முடித்ததும், பெருமைப்பட்டு முடித்ததும், அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று எழுந்து போய்விடுகிறோம். ஆனால் அவர் அந்த அவைக்குப் போனது தன் கதையைச் சொல்வதற்காக அல்ல, இந்த நாடு எப்படி ஆளப்பட வேண்டும் என்பதைப் பற்றிக் கருத்துச் சொல்லத்தான்.

நான்கு நாட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நாள், 1946 டிசம்பர் 19. நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தின் மீது விவாதம். ஹன்ஸா மேத்தா பேசியதும் அன்றுதான். புதிதாக வந்த இளம் உறுப்பினர், அதுவும் பெண், தீர்மானத்தை வாழ்த்தி நான்கு வார்த்தை சொல்லி அமர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தாட்சாயணி தீர்மானத்தை ஆதரித்தார். ஆதரித்தபடியே அவையின் வேலை என்ன என்பதை விரித்துச் சொன்னார். அரசியல் நிர்ணய சபை அரசியல் சட்டத்தை எழுதுவதோடு நிற்பதில்லை, மக்களுக்கு ஒரு புதிய வாழ்க்கை அமைப்பையும் தர வேண்டும் என்றார். பழைய லிச்சாவி குடியரசில் ஒவ்வொரு குடிமகனும் ராஜா என்று அழைக்கப்பட்டதை நினைவூட்டினார். ஏழு கோடித் தாழ்த்தப்பட்ட மக்களைச் சிறுபான்மை என்று சொல்வதை ஏற்க மறுத்தார். தங்கள் விடுதலை பிரிட்டிஷ் அரசிடமிருந்து வரப்போவதில்லை, இந்தியர்களிடமிருந்துதான் வர வேண்டும் என்றார். விதவிதமான பாதுகாப்பு ஏற்பாடுகளைவிட, தார்மீகப் பாதுகாப்புதான் அடித்தட்டு மக்களை உண்மையில் காக்கும் என்றும், சமூக இழிவுகள் உடனடியாக நீங்க வேண்டும் என்றும் வாதிட்டார்.

"இந்தியர்களிடமிருந்துதான் வர வேண்டும்" என்பதில் எவ்வளவு கூர்மை இருக்கிறது என்று கவனியுங்கள். அடிமைப்படுத்தியவன் கப்பலேறப் போகிறான் என்று அவை முழுக்க மகிழ்ந்திருக்கிற நேரம். எங்களை அடிமையாக வைத்திருப்பவர்கள் இங்கேயேதான் இருக்கிறார்கள் என்பதை மரியாதையான சொற்களில் அவர் நினைவுபடுத்துகிறார். கொச்சி சட்டசபையில் இருந்தபோதும் அவர் பேச்சில் இந்தக் கூர்மை இருந்தது. தீண்டாமையை விட்டுவைத்துவிட்டு "ஹரிஜன்" என்று பெயர் மட்டும் சூட்டுவது நாய்க்கு நெப்போலியன் என்று பெயர் வைப்பதைப் போன்றது என்றார். காந்தியை மனமார ஏற்றுக்கொண்டவர், காந்தி தந்த பெயரைப் பற்றித்தான் இப்படிச் சொன்னார். ஏற்றுக்கொண்டதால் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

இரண்டாவது நாள், 1947 ஆகஸ்ட் 28. விடுதலை கிடைத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பட்டியல் சாதியினரின் பிரதிநிதித்துவம் பற்றிய விவாதம். பொருளாதார அடிமைகளாக மக்கள் இருக்கும்வரை தனித் தொகுதி முறை கேட்பதிலும் பொருளில்லை, கூட்டுத் தொகுதி முறை கேட்பதிலும் பொருளில்லை என்றார் தாட்சாயணி. தனிப்பட்ட முறையில் எந்த இடத்திலும் எந்த வகை இட ஒதுக்கீட்டையும் தான் ஆதரிக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

நம் மேடைகளில் தாட்சாயணியின் குரல் ஏன் ஒலிப்பதில்லை என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். இட ஒதுக்கீட்டை வேண்டாம் என்று சொன்ன ஒரு தலித் பெண்ணை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? எதிரிகள் எடுத்துக்கொண்டு ஆடுவார்களே என்ற பயம். பயம் நியாயமானதுதான். அதற்காக அவர் பேசியதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, படத்தை மட்டும் வெளியே மாட்டுவது என்ன நியாயம்? அம்பேத்கரோடு காந்தி மோதினால் அது வரலாறு, புத்தகம், பல்கலைக்கழகக் கருத்தரங்கு. ஒரு தலித் பெண் தனக்கென்று ஒரு நிலைப்பாடு எடுத்தால் மட்டும் அது சங்கடமா?

எனக்கு அவரோடு இதில் உடன்பாடில்லை. இடஒதுக்கீடு இல்லாவிட்டால் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கான 44 இடங்களில் எத்தனை அவர்களுக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம். பொதுத் தொகுதிகளில் கட்சிகள் யாரை நிறுத்துகின்றன என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். ஆதிக்கச் சாதிகளின் மனசாட்சியை நம்பித் தார்மீகப் பாதுகாப்புக்குக் காத்திருந்தால் இன்னும் காயல் மீதுதான் கூட்டம் நடக்கும். இந்த இடத்தில் தாட்சாயணி சறுக்கினார் என்றே சொல்வேன். ஹன்ஸா மேத்தா உட்பட அவையின் பெண்கள் பலர் பெண்களுக்கென்று தனி இடம் கேட்க மறுத்தார்கள்; அந்தக் காலத்தின் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைக்கான விலையை நாம் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அவர் வாதத்தின் முன்பாதியைத் தள்ளிவிட முடியுமா? பொருளாதார அடிமைக்கு வாக்குமுறை எதுவாக இருந்தால் என்ன என்று அவர் கேட்டு 21 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. அப்போது தனித்தொகுதிகள் இருந்தன, வாக்குரிமை இருந்தது, தீண்டாமைக்கு எதிரான சட்டம் இருந்தது. நிலம் மட்டும் அவர்களிடம் இல்லை. இட ஒதுக்கீடு வேண்டும், நிலமும் வேண்டும் என்று அவருக்குப் பதில் சொல்லலாம். அப்படிப் பதில் சொல்வதற்கே முதலில் அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு பெண்ணோடு வாதாடுவதும் அவளுக்குச் செய்யும் மரியாதைதான். அவளை வணங்கிவிட்டு வாதாட மறுப்பதில் அந்த மரியாதை இல்லை.

மூன்றாவது நாள், 1948 நவம்பர் 8. அம்பேத்கர் வரைவு அரசியல் சட்டத்தை அவை முன் வைத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. வரைவில் கருத்துகளும் கொள்கைகளும் வறண்டு கிடக்கின்றன என்றார் தாட்சாயணி. அதற்கான பழியை உறுப்பினர்கள் எல்லோரும் ஓரளவு ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். அதிகாரம் மையத்தில் குவிவதை எதிர்த்தார், பரவலாக்கம் வேண்டும் என்றார். பிறகு இன்னொன்றும் கேட்டார். இறுதி வரைவை ஒரு பொதுத் தேர்தல் மூலம் மக்களின் ஒப்புதலுக்கு விட வேண்டும் என்றார்.

இந்தக் கோரிக்கையின் கனம் புரிய வேண்டுமென்றால் அந்த அவை எப்படி உருவானது என்று தெரிய வேண்டும். மாகாண உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவை மாகாணச் சட்டசபைகள். அந்தச் சட்டசபைகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்கள் மட்டும். கூலிக்காரர்களுக்கும் குத்தகைகூட இல்லாதவர்களுக்கும் பெரும்பாலும் வாக்கில்லை. பெண்களில் பலர் கணவனின் சொத்துத் தகுதியை வைத்துத்தான் வாக்காளர் ஆனார்கள். கணவனிடம் எதுவும் இல்லையென்றால் மனைவிக்கும் இல்லை. ஆக, இந்திய மக்களாகிய நாம் என்று தொடங்கும் ஆவணத்தை எழுதிய அவையை, இந்திய மக்களில் பெரும்பாலோர், பெண்களில் மிகப் பெரும்பாலோர், தேர்ந்தெடுக்கவில்லை. அந்த அவைக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே நிற்கும் மக்களிடம் கேளுங்கள் என்று சொன்னார் முளவுகாட்டுப் பெண்.

அப்படி ஒரு தேர்தல் நடத்துவது அன்று முடிகிற காரியமா என்று கேட்பார்கள். பிரிவினையின் ரத்தம் காயாத நேரம், வாக்காளர் பட்டியலே இல்லாத நாடு. இந்த எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கோரிக்கை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று வாதாட நமக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பாடநூலில் ஒரு வரியாவது இருந்தால்தானே மாணவிகள் அடித்துக்கொண்டு பேசுவார்கள்!

1951-52இல் முதல் பொதுத் தேர்தல் வந்தது. அனைவருக்கும் வாக்குரிமை. பெண் வாக்காளர் சுமார் எட்டுக் கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 28 லட்சம் பேரின் பதிவுகள் நீக்கப்பட்டன. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று பதிந்திருந்தார்களே தவிர, சொந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பது காரணம். பெயரில்லாமல் உறவு மட்டும் இருந்ததால் அந்தப் பெண்கள் வாக்கை இழந்தார்கள். இன்று நாம் தாட்சாயணிக்குப் பெயரைக் கொடுத்துவிட்டோம். பெயரோடு சேர்ந்து வர வேண்டிய கருத்தை நீக்கிவிட்டோம். முன்பு பட்டியலிலிருந்து நீக்கினார்கள், இப்போது பட்டியலில் போட்டு நீக்குகிறார்கள்.

நான்காவது நாள், 1948 நவம்பர் 29. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு விவாதத்துக்கு வருகிறது. வரைவில் 11, இன்றைய சட்டத்தில் 17. இந்தப் பிரிவைப் பற்றிப் பேச அந்த அவையிலேயே அவரைவிடத் தகுதியானவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மத்திய அரசும் மாகாண அரசுகளும் முன்பே நடவடிக்கை எடுத்திருந்தால் இப்படி ஒரு பிரிவே தேவைப்பட்டிருக்காது என்றார். தீண்டாமையைச் சட்டவிரோதம் என்று அறிவிக்க முந்தைய ஆண்டே தான் ஒரு தீர்மானம் கொண்டுவந்ததையும், நேருவை அணுகியபோது இது அப்படிப்பட்ட தீர்மானங்களைக் கொண்டுவருவதற்குக் காங்கிரஸ் கமிட்டி அல்ல, உரிய காலத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் வந்ததையும் அவையிலேயே சொன்னார். அரசியல் சட்டம் எப்படி வேலை செய்யும் என்பது மக்கள் எதிர்காலத்தில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பொறுத்தது, சட்டத்தை அமல்படுத்துவதை மட்டும் பொறுத்தது அல்ல என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் நேரம் கடந்துவிட்டது. தலைமை வகித்த துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி குறுக்கிட்டார். நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள், நீங்கள் பெண் என்பதால்தான் அனுமதிக்கிறேன் என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. முகர்ஜி நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். நல்லெண்ணம்தான் இங்கே சிக்கல். தீண்டாமை ஒழிப்பு விவாதத்தில், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தின் உறுப்பினர் கூடுதலாக இரண்டு நிமிடம் பேசுவதற்கு அவர் சொல்லும் விஷயத்தின் முக்கியத்துவம் காரணமாக இருக்க முடியவில்லை. அவர் பட்ட அனுபவம் காரணமாக இருக்க முடியவில்லை. புடவை கட்டியிருக்கிறார் என்பது காரணமாகிவிட்டது. உரிமையாகப் பேசியவரின் பேச்சு ஒரே வாக்கியத்தில் சலுகையாக மாறிவிட்டது. இன்றும் பஞ்சாயத்துக் கூட்டத்திலும் கல்லூரிப் பேரவையிலும் "பொம்பளப் பிள்ளை, பேசட்டும் விடுங்க" என்று யாராவது பெருந்தன்மையாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி சொல்லியும் பழகியிருக்கிறோம்.

அன்று அந்தப் பிரிவு நிறைவேறியபோது அவையில் "மகாத்மா காந்திக்கு ஜே" என்ற முழக்கம் எழுந்தது. ஓராண்டுக்கு முன்பே இதைக் கேட்டு, காத்திருக்கச் சொல்லப்பட்ட பெண் அதே அவையில்தான் இருந்தார். அவர் பெயரை யாரும் முழங்கியதாகக் குறிப்பில் இல்லை.

சட்டம் வந்தது. அதற்குப் பல் முளைக்க 1955 வரை ஆனது. அதுவும் போதாமல் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தேவைப்பட்டது. மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பொறுத்தது என்றாரே தாட்சாயணி, எப்படி நடந்துகொண்டோம் என்பதற்கு 2020ஆம் ஆண்டின் இரண்டு செய்திகள் போதும். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடப்படவில்லை. செய்தி பரவிய பிறகு மாவட்ட ஆட்சியர் வந்து ஏற்ற வைத்தார். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருக்க அவர் தரையில் இருக்கும் படம் நாடெங்கும் போனது.

இரண்டு பேரும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள். எண்ணிக்கைக் கணக்கில் இரண்டும் வெற்றிகள். உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு என்று தமிழ்நாடு பெருமைப்படும் புள்ளிவிவரத்துக்குள் அந்தக் கொடியேற்ற முடியாத தலைவரும் இருக்கிறார், தரையில் உட்கார்ந்த தலைவரும் இருக்கிறார். கொடி, நாற்காலி என்று கண்ணுக்குத் தெரிகிற அவமானம் என்பதால் நாம் கொதித்தோம், கொதித்தது சரி. அந்த இரண்டு ஊராட்சிகளின் கூட்டங்களில் அந்தத் தலைவர்கள் என்ன முன்மொழிந்தார்கள், தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் என்ன கேட்டார்கள், எது மறுக்கப்பட்டது என்று விசாரித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லை. 1996இல் முதல் மசோதா வந்து 27 ஆண்டுகள் இழுத்தடித்தவர்கள் இப்படி ஒரே குரலில் ஒத்துக்கொண்டது எப்படி என்று நான் யோசித்தேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனை ஒரு காரணம். உரிய காலத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று தாட்சாயணிக்குச் சொன்ன அதே பதில்தான், இப்போது சட்டப் பிரிவாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு காரணமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பெண்கள் வந்து அமர்வதைப் பற்றி அவர்களுக்கு இப்போது பயமில்லை. அமர்ந்தபின் என்ன பேசுகிறார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டார்கள்.

அந்த இடங்கள் வேண்டும். 2021 தேர்தலில் 234 பேர் கொண்ட நம் சட்டமன்றத்துக்குப் பெண்கள் 12 பேர்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இதில் எண்ணிக்கையைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. எண்ணிக்கை இல்லாமல் குரல் இல்லை. ஆனால் எண்ணிக்கை வந்ததும் குரல் தானாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குரல் ஏற்கெனவே இருந்தது. 1946இலேயே இருந்தது. அச்சடித்த அவைக் குறிப்புகளில், நாளும் பக்கமும் போட்டு, இன்றும் இருக்கிறது. இல்லாமல் போனது நம் காது.

"முதல் பெண்" என்று சொல்லிக்கொடுப்பதால்தானே பிள்ளைகளுக்கு ஊக்கம் வருகிறது என்று என் துறைத் தோழிகள் கேட்பதுண்டு. தலித் மாணவி ஒருத்தி பாடநூலில் தன்னைப் போன்ற ஒருத்தியின் பெயரைப் பார்ப்பது சாதாரண விஷயமில்லைதான். பெயரை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெயருக்குக் கீழே அவர் பேசிய பத்து வரியைப் போடுங்கள் என்கிறேன். முதல் தலித் பெண் பட்டதாரி என்று மட்டும் படிக்கிற மாணவி, நன்றாகப் படித்தால் உயரலாம் என்று கற்றுக்கொள்வாள். வரைவு அரசியல் சட்டத்தில் கொள்கை வறட்சி என்று அம்பேத்கர் இருந்த அவையிலேயே சொன்னார் என்று படிக்கிற மாணவி, தான் மதிக்கிறவர்களோடும் வாதாடலாம் என்று கற்றுக்கொள்வாள். இரண்டாவது பாடத்தைத்தான் நம் வகுப்பறைகள் பயந்து ஒளிக்கின்றன.

இதைப் படிக்கிற மாணவிகளுக்குச் சில வேலைகள் வைத்திருக்கிறேன். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் அச்சில் கிடைக்கின்றன. மேலே சொன்ன நான்கு நாட்களை எடுத்துப் படியுங்கள், ஆங்கிலம் தடையாக இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், பின்னர் அதை உங்கள் கல்லூரி இதழில் போடுங்கள். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் பெண்ணாக இருந்தால் அவர் கடைசிக் கூட்டத்தொடரில் எந்த மானியக் கோரிக்கை மீது பேசினார், எந்த அமைச்சரிடம் என்ன கேட்டார் என்று அவைக் குறிப்பில் தேடுங்கள். அவர் எதுவுமே பேசவில்லையென்றால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள். கட்சி நேரம் ஒதுக்கவில்லை என்று பதில் வந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். தலைவியின் கணவர் பேசினால் "நீங்கள் யார்?" என்று கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தை வாங்கி, பெண்கள் சொன்ன ஆட்சேபம் அவர்கள் பெயரோடு அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருக்காவிட்டால், பதிவு செய்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.